சம்டர் கோட்டைக்கு ஆறு வார உணவு

தென் கரோலினா 1860 டிசம்பர் 20 அன்று அமெரிக்க ஒன்றியத்திலிருந்து விலகியது. அப்போதைய அதிபர் ஜேம்ஸ் புக்கானன் அனுபவத்தில் பழுத்தவர். பிரதிநிதிகள் சபை, செனட், ரஷ்யாவிலும் பிரிட்டனிலும் தூதர் பதவி, வெளியுறவு அமைச்சு என எல்லாம் பார்த்தவர். அடுத்து வந்த லிங்கன் பிரதிநிதிகள் சபையில் இருந்தது இரண்டே ஆண்டு. ஆக, அதிபரின் பலத்துக்கு அனுபவம் அளவுகோல் ஆகாது. முடிவின் பாரத்தைத் தன் தோளில் ஏற்கிறாரா, அதற்குப் பதில் சொல்லவும் தயாராக இருக்கிறாரா என்பதே என் அளவுகோல்.

விலக மாநிலங்களுக்கு உரிமையில்லை என்றார் புக்கானன். விலகினால் தடுக்க மத்திய அரசுக்கு அதிகாரமில்லை என்றும் அதே உரையில் சொன்னார். பிறகு, பொறுப்பு காங்கிரஸுடையது என்று கைகாட்டினார். தென் கரோலினாவில் மத்தியப் படையின் வசமிருந்த சம்டர் கோட்டைக்கு உதவி கொண்டுபோன கப்பல் 1861 ஜனவரி 9 அன்று சுடப்பட்டுத் திரும்பியது. அதற்கும் பதிலடி இல்லை. அவர் பதவி இறங்கும் முன்பே ஏழு மாநிலங்கள் போய்விட்டன. பதவி முடியும் தறுவாயில், சின்னப் படையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் 1832இல் இதே தென் கரோலினா மத்திய அரசின் சுங்கவரிச் சட்டம் செல்லாது என்றபோது, அதிபர் ஜாக்சன் பகிரங்கமாக எதிர்த்து நின்றார். படையைப் பயன்படுத்தும் அதிகாரத்தைக் காங்கிரஸிடம் கேட்டு வாங்கினார். வரியைக் குறைக்கும் சமரசச் சட்டத்திலும் கையெழுத்திட்டார். அவர் எதிர்கொண்டது ஒரே மாநிலத்தை என்பது உண்மைதான். ஆனால் அரசியல் சாசனம் இருவருக்கும் ஒன்றே.

லிங்கன் பதவியேற்ற மறுநாள் காலையே சம்டர் கோட்டைத் தளபதி ஆண்டர்சனின் செய்தி மேசைக்கு வந்தது: கையிருப்பு உணவு சுமார் ஆறு வாரத்துக்குத்தான் வரும். அமைச்சர்களிடம் எழுத்தில் கருத்துக் கேட்டார். பெரும்பாலோர் கோட்டையை விட்டுவிடலாம் என்றனர். கேட்டுக்கொண்டார், ஆனால் முடிவைத் தானே எடுத்தார். உணவு மட்டும் வருகிறது, தடுக்காவிட்டால் முன்னறிவிப்பின்றி ஆளோ ஆயுதமோ வராது என்று மாநில ஆளுநருக்கே தகவல் அனுப்பினார். முதல் குண்டைச் சுடுவதா வேண்டாமா என்ற கேள்வி இப்போது எதிர்த்தரப்புக்கு. ஏப்ரல் 12 விடியுமுன் அவர்கள் சுட்டார்கள். மறுநாள் சரணடைந்தபோது கோட்டையில் மிஞ்சியிருந்த உணவு பன்றியிறைச்சி மட்டுமே.

இப்படிப்பட்ட பலம் சர்வாதிகாரத்துக்குப் பாதை போடாதா என்பது வலுவான ஆட்சேபம். விசாரணையின்றி அடைத்து வைப்பதற்கு எதிரான ஆட்கொணர்வு உரிமையை லிங்கன் தானாகவே நிறுத்திவைத்தார். அது தவறு என்ற தலைமை நீதிபதி டேனியின் தீர்ப்புக்கும் பணியவில்லை. அந்தக் கறையை நான் மறைக்க மாட்டேன். ஆனால் காங்கிரஸை ஜூலை 4 அன்று கூட்டி, தான் செய்தவற்றை எழுத்தில் வைத்ததும் அவர்தான். போர் நடுவிலேயே 1864 தேர்தலையும் நடத்தினார். அந்த ஆகஸ்டில், தோற்போம் என்றே நினைத்து, வெல்பவருடன் ஒத்துழைத்து ஒன்றியத்தைக் காப்பதாக ஒரு தாளில் எழுதி மடித்தார். உள்ளே இருப்பதைப் படிக்காமலேயே அமைச்சர்கள் அதன் முதுகில் கையெழுத்திட்டார்கள்.