எலியூசிஸ் மறைச்சடங்கு

பண்டைக் கிரேக்கர், சீயஸ் முதலாய ஒலிம்பஸ் தெய்வங்களுக்குப் பலியிட்டு விழாவெடுத்து நகரத்தின் நலம் வேண்டினர். ஆயினும், இறந்தபின் யாது நேருமென்று ஏங்கிய தனிமனிதனுக்கு அவ்விழாக்கள் ஆறுதல் தரவில்லை. ஹோமரின் ஒடிசி காவியத்தில், மாவீரன் அக்கிலீஸின் ஆவி, இறந்தோர்க்கு அரசனாவதினும் மண்ணுலகில் ஏழையொருவனிடம் கூலியாளாதலே மேலெனக் கூறுகின்றது.

அவ்வாறுதலை அளித்தது எலியூசிஸ். அதென்ஸ் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீற்றரில் உள்ளது அவ்வூர். தானியத் தெய்வமாகிய டிமீட்டர், பாதாள வேந்தன் ஹேடிஸ் கவர்ந்து சென்ற தன் மகள் பெர்சிபனியைத் தேடியலைந்து அங்கே தங்கினாள். அவள் துயரால் நிலம் விளைவொழிந்தது. மகள் மீண்டதும் பயிர் தழைத்தது. விதை மண்ணுட் புதைந்து முளைத்தலே இக்கதையின் உட்பொருளென்பர்.

ஆண்டுதோறும் அடியார் கடலில் நீராடி, நோன்பிருந்து, ஊர்வலமாகச் சென்று, இரவிலே பெருமண்டபத்துட் புகுந்தனர். பெண்டிரும் அடிமைகளும் அங்கே இடம்பெற்றனர். கொலைப்பழி உடையோரும் கிரேக்கமொழி அறியாதோருமே விலக்கப்பட்டனர். உள்ளே கண்டதை வெளியே உரைத்தல் மரணதண்டனைக்குரிய குற்றம். கி.மு. 415 இல், அச்சடங்கை வீட்டில் நடித்து இகழ்ந்தானென்று தளபதி அல்சிபயடீஸ் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. சிசிலிப் படையெடுப்பிற் சென்றிருந்த அவன், விசாரணைக்கு அஞ்சிப் பகைநாடாகிய ஸ்பார்ட்டாவில் அடைக்கலம் புகுந்தான். கி.மு. 413 இல் அப்படையும் அழிந்தது.

கி.பி. 392 இல் உரோமப் பேரரசன் தியோடோசியஸ் பழைய வழிபாடுகளைத் தடைசெய்தான். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் நிலவிய அச்சடங்கு சின்னாளில் மறைந்தது. எண்ணற்றோர் கண்டும், அக்காட்சி யாதென இன்றும் எவரும் தெளிவாக அறியார். தண்டனைக்கு அஞ்சியோர் சிலராகலாம். தலைமுறை தலைமுறையாக அம்மௌனத்தைக் காத்தது பத்தியே எனலாம்.