சட்டாம்பிள்ளையும் கைக்கணினியும்: சேர்வராயன் மலையிலிருந்து சில குறிப்புகள்

ஆசிரியரின் வேலையைச் சுலபமாக்கும் கருவி என்கிற சொல்லாடல் கணினியோடு பிறந்ததல்ல. அதற்கு இருநூறு வயதுக்கு மேல் ஆகிறது. பிறந்த இடமும் நம் ஊர்தான். 1789இல் சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். மணலை எடுத்துக்கொண்டார். பெரிய பையன்களைச் சின்னப் பையன்களுக்கு வாத்தியாராக்கினார். 1797இல் லண்டனில் அறிக்கை அச்சாகி, 'மதராஸ் முறை' இங்கிலாந்தெங்கும் பரவியது. ஒரே ஆசிரியர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மேய்க்கலாம், செலவு சொற்பம். மணல் இந்த ஊருடையது என்று ஒப்புக்கொண்ட பெல், சட்டாம்பிள்ளையை மட்டும் தன் கண்டுபிடிப்பு என்றார். நம் திண்ணைப் பள்ளிகளை அறிந்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

ஆனால் கருவி ஆசிரியரின் கையில் இருந்தவரை கதை வேறு. கணக்கெடுப்பவரின் கைக்கு அது எப்படிப் போயிற்று என்பதே இங்கு நமது கேள்வி. அதற்கு ஏற்காடு ஏற வேண்டும்.

1822 ஜூனில் கவர்னர் தாமஸ் மன்றோ, மாவட்டந்தோறும் பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டு ஒரு படிவத்தையும் அனுப்பினார். சேலத்தின் பதில் 1823இல் போனது: 333 பள்ளிகள். அனுப்பிய கலெக்டர் எம்.டி.காக்பர்ன். சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டுவந்து வைத்தவர் என்று ஏற்காட்டின் வரலாறு கொண்டாடும் அதே மனிதர். சமவெளியில் பள்ளியை எண்ணுவதும் மலையில் தோட்டம் போடுவதும் ஒரே நிர்வாகத்தின் இரண்டு கைகள். மன்றோவின் படிவத்தில் பிராமணர், வைசியர், சூத்திரர், ஏனைய சாதியார், முஸ்லிம் என்று கட்டங்கள் இருந்தன. சேர்வராயன் மலையில் தலைமுறைகளாக வாழ்ந்த, தமிழே பேசுகிற மலையாளிப் பழங்குடிக்குத் தனிக் கட்டம் இல்லை. மன்றோ 1826இல் எழுதிய குறிப்பில் ஆசிரியரின் மாத வருமானம் ஆறேழு ரூபாயைத் தாண்டுவதில்லை என்று வருத்தப்படுகிறார். அதையாவது பார்த்தாரே என்று சொல்லலாம். பிறகு வந்தவர்கள் அதையும் பார்க்கவில்லை.

1862இல் இங்கிலாந்தில் 'தேர்ச்சிக்கேற்ற மானியம்' சட்டமாயிற்று; அதே பத்தாண்டில் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இன்ஸ்பெக்டர் வருவார், ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்தி வாசிக்கச் சொல்வார், தேறின தலைக்கு இவ்வளவு என்று பணம். ஆசிரியர் கற்பிப்பதை விட்டுவிட்டு இன்ஸ்பெக்டருக்காகப் பிள்ளையைத் தயாரிக்க ஆரம்பித்தார். பதிவேடு திருத்துவது, பேர் சேர்ப்பது எல்லாம் கூடவே வந்தன. 1904இல் கர்சன் அரசே தன் கல்வித் தீர்மானத்தில் இந்த முறையைக் கைவிடச் சொல்ல வேண்டியதாயிற்று. தேர்வும் ஆவணமும் சேர்ந்துதான் தனிமனிதரை அதிகாரத்தின் பொருளாக்குகின்றன என்று ஃபூக்கோ 1975இல் எழுதினார். நம் திண்ணை வாத்தியாரின் பேரன்களுக்கு அது அனுபவத்தில் ஏற்கெனவே தெரிந்த சங்கதி.

இன்றைக்கு அந்தப் பதிவேட்டின் பெயர் எமிஸ். கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை என்பது முழுப்பெயர். யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆசிரியர் அறையில் காலையில் கேட்கிற கேள்வி "சாப்ட்டாச்சா?" இல்லை, "எமிஸ் போட்டாச்சா?" 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' தொடங்கியது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கும் அந்த எண்ணத்தில் குறை காண எனக்கு ஒன்றுமில்லை. அதனோடு செயலியில் மதிப்பீடும் வந்தது. ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்தி, கேட்டு, பதிவேற்ற வேண்டும். இன்ஸ்பெக்டர் இனி வரவேண்டிய அவசியமில்லை, வாத்தியாரே இன்ஸ்பெக்டர். 2023இல் ஆசிரியர் இயக்கங்கள் போராட்டம் அறிவித்தபோது இணையப் பதிவேற்றத்திலிருந்து விடுதலை என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. சம்பள உயர்வு கேட்பவர்கள் என்று ஏசப்படுகிறவர்கள், பாடம் நடத்த நேரம் கேட்டார்கள்.

கருவியே வேண்டாம் என்பதல்ல வாதம். 2018 முதல் பாடநூலில் அச்சான கியூஆர் குறியீடு, 2019இல் வந்த கல்வித் தொலைக்காட்சி, ஆசிரியர்கள் தங்களுக்குள் வினாத்தாள் பகிரும் வாட்ஸ்அப் குழு இவையெல்லாம் உழைப்பை மிச்சப்படுத்துகின்றன. அங்கே வேண்டும்போது எடுத்துக்கொள்கிறார் ஆசிரியர். எமிஸில் எடுப்பவர் வேறொருவர். 'உற்பத்தித்திறன்' என்ற ஒரே சொல் இரண்டையும் மூடி மறைக்கிறது.

2024இல் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசு கைக்கணினி கொடுத்தது. மலையில் சிக்னல் வளைவுக்கு வளைவு மாறும். மார்கழி, தையில் காப்பிப் பழம் பறிக்க அப்பா அம்மாவோடு தோட்டத்துக்குப் போய்விட்ட ஒரு மலையாளிப் பிள்ளையை எண்ணிப்பாருங்கள். மன்றோவின் படிவத்தில் இல்லாத கட்டம் எமிஸில் இருக்கிறது. பழங்குடி என்று பதிவாகிவிட்டது. தினசரி வருகைப் பதிவில் அந்தப் பிள்ளை 'வரவில்லை'. ஏன் வரவில்லை என்று தெரிந்தவர் வாத்தியார் ஒருவர்தான். அவர் தோட்டத்து லயம் வரை நடந்துபோய்க் கூட்டிவந்தால் அந்த இரண்டு மணி நேரத்தை எந்தத் திரையில் பதிவது?