வீட்டு வைஃபை ரவுட்டர்: மத்திகிரி வட்டாரத்தில் தேர்வு

வீட்டுக்கு வரும் இணைய இணைப்பைத் தொலைக்காட்சி, செல்பேசி, மடிக்கணினி எனப் பல கருவிகளுக்குப் பிரித்துக் கொடுப்பதும், அந்தக் கருவிகளை ஒன்றோடொன்று இணைப்பதும் ரவுட்டரின் இரு வேலைகள். விளம்பரங்கள் முதல் வேலையைத்தான் பெரிதாகப் பேசும். ஆனால் சேர்த்து வைத்த படங்களை வீட்டுக்குள்ளேயே தொலைக்காட்சியில் ஓட்டவும், கணினிகளுக்கிடையே கோப்புகளை மாற்றவும் ரவுட்டர் தேடுபவர் கவனிக்க வேண்டியது இரண்டாவது வேலையை.

2019இல் தரம் உயர்ந்த ஒசூர் மாநகராட்சிக்குள் மத்திகிரி அடங்குகிறது. சிப்காட் தொழிற்சாலைகளில் வேலை செய்வோரும், 40 கி.மீ. தள்ளியிருக்கும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருவோரும் வாடகைக்கு இருக்கும் வட்டாரம் இது. பைபர் இணைப்பு தருபவர் சுவரில் மாட்டிவிட்டுப் போகும் ஓஎன்டி பெட்டியைப் பலரும் ‘மோடம்’ என்றே சொல்கிறார்கள். பெரும்பாலும் அதிலேயே வைஃபை உண்டு. ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கு அதுவே போதும். அங்கே புது ரவுட்டர் வீண் செலவு.

படம் திக்கித் திக்கி ஓடினால் உடனே பெரிய பிளானுக்கு மாறுவது வழக்கம். நெட்பிளிக்ஸ் தளமே 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ், முழு எச்டிக்கு 5 எம்பிபிஎஸ் போதும் என்கிறது. ஆகவே 100 எம்பிபிஎஸ் பிளானிலும் படம் நின்றால், கோளாறு பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்கும் வைஃபையில்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றன்மேல் ஒன்று விழாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீடுகளில் பத்து ரவுட்டர்கள் இந்த மூன்றுக்குள் நெரிபடுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம்: 2018 அக்டோபரில் மத்திய அரசு அந்தப் பகுதியில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தது. ஆனால் சுவரைத் தாண்டுவதில் 5 கிகாஹெர்ட்ஸ் பலவீனமானது. கருங்கல்லாலோ கான்கிரீட்டாலோ ஆன சுவர் இரண்டு குறுக்கே வந்தால் வேகம் பாதாளத்துக்குப் போய்விடும். மாடி வீட்டுக்கு விலை உயர்ந்த ஒரே ரவுட்டரைவிட, லேன் கேபிள் இழுத்து மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு எளிய பெட்டிகளை வைப்பது நல்ல பலன் தரும். ஆன்டெனாக்களின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் அப்படியே நம்பக் கூடாது. ‘1200’ என்பது 2.4 கிகாஹெர்ட்ஸின் 300ஐயும் 5 கிகாஹெர்ட்ஸின் 867ஐயும் கூட்டி, முழு நூறாக்கிச் சொல்வது. எந்தச் செல்பேசிக்கும் அந்தக் கூட்டுத்தொகை ஒருசேரக் கிடைக்காது. அதைவிட மோசம், இவ்வகை மலிவுப் பெட்டிகள் பலவற்றில் லேன் போர்ட்டுகள் 100 எம்பிபிஎஸ் மட்டுமே. அந்த போர்ட் வழியாக 10 ஜிபி கோப்பை நகலெடுக்க ஏறத்தாழ 14 நிமிடம் ஆகும். கிகாபிட் போர்ட் என்றால், ஹார்டு டிஸ்க் ஈடுகொடுத்தால், ஒன்றரை நிமிடம். கோப்புப் பகிர்வுக்கு வாங்குபவர் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, லேன் போர்ட் கிகாபிட்டா என்பதுதான். இதில் ஒரு வேடிக்கை: பல 4கே தொலைக்காட்சிகளின் லேன் போர்ட்டும் 100 எம்பிபிஎஸ்தான். மிகப் பெரிய படக் கோப்புகள் அவற்றில் கேபிளைவிட 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் சீராக ஓடக்கூடும்.

ரவுட்டரின் யுஎஸ்பி போர்ட்டில் ஹார்டு டிஸ்க்கைச் செருகி வீட்டுக்கே பொதுவான களஞ்சியமாக வைக்கலாம். சில சிக்கல்கள் உண்டு. பழைய மாடல்கள் விண்டோஸின் கோப்புப் பகிர்வு முறையான எஸ்எம்பியின் முதல் பதிப்பை மட்டுமே அறியும். 2017 மேயில் உலகெங்கும் பரவிய வான்னாகிரை என்ற தீநிரல் அந்தப் பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகத்தான் புகுந்தது. அந்த ஆண்டு இறுதிமுதல் விண்டோஸ் 10 அந்தப் பதிப்பை இயல்பாகவே விலக்கிவிட்டது. அதனால் டிஸ்க் செருகியிருந்தும் கணினியில் தெரியாமல் போகலாம். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க்கில் 4 ஜிபியைத் தாண்டிய ஒரே கோப்பு ஏறாது. யுஎஸ்பி 3.0 இணைப்பு 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் நிறுவனம் 2012இலேயே எழுதியிருக்கிறது. டிஸ்க்கை ஆன்டெனாவுக்குச் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். தினமும் பெரிய கோப்புகளைக் கையாளும் வீட்டுக்குத் தனி நாஸ் (வலையமைப்புச் சேமிப்பக) பெட்டியோ, எப்போதும் ஓடும் பழைய கணினியோதான் சரி. ரவுட்டரின் சிறிய பிராசஸருக்கு அந்தச் சுமை அதிகம்.

கிகாபிட் போர்ட் கொண்ட வைஃபை 6 ரவுட்டர் பெரும்பாலான வீடுகளுக்குப் போதுமானது. 6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதியைத் திறக்கும் வரைவு விதிகளையே இந்திய அரசு 2025 மேயில்தான் வெளியிட்டது. அந்த அலைவரிசையைப் பிடிக்கும் செல்பேசியும் தொலைக்காட்சியும் வீட்டில் இல்லாதவரை அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் பொருளில்லை.

ஒசூர்க் கடைகளில் கிடைக்காத மாடலுக்குப் பெங்களூரின் மின்னணுப் பொருள் சந்தையான எஸ்.பி. ரோட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. பில் வாங்காமல் வந்தால் வாரண்டி கேட்கும்போது சிரமம். கரன்ட் போகும் நேரத்துக்குச் சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் விற்கிறார்கள். ரவுட்டரோடு ஓஎன்டி பெட்டியையும் அதில் சேர்க்காவிட்டால், வைஃபை சிக்னல் முழுதாகக் காட்டும், இணையம் மட்டும் வராது. டிஸ்க்குக்கும் மின்சாரம் கிடைக்கிறதென்றால், அதில் சேர்த்து வைத்த படத்தை அப்போதும் மடிக்கணினியில் பார்க்கலாம்.