டீசல் காரின் எச்சரிக்கை விளக்கு: வரலாறும் பொருளும்

டீசல் காரின் டேஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்கு, எஞ்சினுக்குள் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதை அறிவிக்கும் அடையாளம் ஆகும். இன்று அது பெரும்பாலும் புகைக் கட்டுப்பாட்டு விதிகளோடு தொடர்புடையது. தொடக்கத்தில் அப்படி இல்லை.

ருடால்ஃப் டீசலின் எஞ்சின் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓடியது. அதில் தீப்பொறி பிளக் கிடையாது. காற்றை அழுத்தும்போது உண்டாகும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். குளிர்ந்த எஞ்சினில் அந்தச் சூடு போதாது என்பதால், 1936-இல் வந்த மெர்சிடிஸ்-பென்ஸ் 260 டி போன்ற தொடக்ககால டீசல் கார்களில் மின்சாரத்தால் சூடேறும் பிளக்கைப் பொருத்தினார்கள். நம் ஓட்டுநர்கள் அதை ‘ஹீட்டர் பிளக்’ என்பார்கள். பிற்காலக் கார்களில் அதற்கெனச் சுருள் வடிவ விளக்கு வந்தது. ஆக, டீசல் காருக்கே உரிய விளக்கு ஆபத்தைச் சொல்லவில்லை. ‘கொஞ்சம் பொறு’ என்றது.

அதே 1930-களில் அமெரிக்காவின் ஹட்சன் நிறுவனம், ஆயில் அழுத்தம் காட்டும் முள்ளுக்குப் பதிலாகச் சிவப்பு விளக்கை வைத்தது. பிறகு பலரும் அதை ‘முட்டாள் விளக்கு’ என்று கேலி செய்தார்கள். கேலியில் பாதி நியாயம் உண்டு. முள், அழுத்தம் இறங்கும்போதே காட்டும்; விளக்கு, இறங்கிய பிறகுதான் எரியும். ஆனால் மலைப்பாதை வளைவில் முள்ளையே பார்த்துக்கொண்டு வண்டி ஓட்ட முடியுமா?

இந்தியாவில் அம்பாசடர் டீசலும் 1998-இல் வந்த டாடா இண்டிகாவும் டீசல் காரைப் பரவலாக்கின. எஞ்சினைக் கணினி கட்டுப்படுத்தத் தொடங்கியபின் விளக்கின் பொருள் மாறியது. கலிபோர்னியா 1988 முதல், காரே தன் கோளாறைக் கண்டறிய வேண்டும் என்று விதித்தது. இந்தியாவில் 2010-இல் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளோடு இம்முறை வந்தது, 2013-இல் விரிவானது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. டீசலில் கந்தக அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. புகைக்குழாயில் கரி வடிகட்டி இடம்பெற்றது. அதற்கும் ஒரு மஞ்சள் விளக்கு வந்தது.

இந்த வடிகட்டி தேங்கிய கரியை ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வெப்பத்தில் தானே எரித்துக்கொள்ளும். அதற்குக் கார் சீரான வேகத்தில் சிறிது நேரம் ஓட வேண்டும். தேனி மாவட்டத்துப் பேரூராட்சியான கெங்குவார்பட்டியை எடுத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து தோப்புக்கும் கடைத்தெருவுக்கும் மட்டும் போய்வரும் காரில் அந்த வெப்பம் வருவதே இல்லை. கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறும்போது வெப்பம் உயரும். இறங்கும்போது எஞ்சினுக்கு எரிபொருள் பெரும்பாலும் செல்லாது, புகைக்குழாய் குளிர்ந்துவிடும். மலை இறங்கி, காட்ரோடு வந்து சேரும்போதும் விளக்கு எரிந்தால் வியப்பில்லை. (இப்பெயரில் உள்ளது மலைப்பாதையைக் குறிக்கும் சொல், காடு அல்ல.) அங்கிருந்து திண்டுக்கல்–குமுளி நெடுஞ்சாலையில், மணிக்கு 60 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஏறத்தாழ 20 நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும்.

மற்ற மஞ்சள் விளக்குகளுக்கு மெதுவாக ஓட்டிச் சென்று பட்டறையில் ஸ்கேனர் மூலம் கோளாறுக் குறியீட்டைப் பார்க்கலாம். எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஓட்டக் கூடாது. சிவப்பு என்றால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும்; சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. சிலர் கரி வடிகட்டியையே வெட்டி எடுத்து, கணினியை மாற்றி விளக்கை அணைத்துத் தருகிறார்கள். அது சட்டவிரோதம், அந்தக் கரி முழுவதும் ஊர்க் காற்றில்தான் கலக்கும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கரி எரிப்பு பலமுறை பாதியில் நின்றால் டீசல் கசிந்து எஞ்சின் ஆயிலில் கலக்கும். அளவுக்குச்சியில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால், விளக்கு அணைந்திருந்தாலும் ஆயிலை மாற்ற வேண்டும்.