தங்கவயலில் ஒரு நாள்: பெயர் பொறித்தோரும் ரேகை பதித்தோரும்

ரோம், ஏதென்ஸ் முதலிய பழந்தலைநகரங்களை ஒரே நாளில் சுற்றிப் பார்ப்போர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். அங்குள்ள வளைவுகளும் கல்வெட்டுகளும் ஆண்டவர்களின் பெயர்களையே பெரும்பாலும் சொல்கின்றன. கல் சுமந்தவர்களைப் பற்றி அரிதாகவே பேசுகின்றன. பெங்களூரிலிருந்து ஒரு நாள் பயணமாகக் கோலார் தங்கவயலுக்கு வருவோர் காண்பதும் ஏறத்தாழ இத்தகைய காட்சியே.

பயணம் பங்காரப்பேட்டையில் கிளைப்பாதையாகப் பிரிகிறது. மைசூர் ஆணையராக இருந்த பௌரிங்கின் பெயரால் பௌரிங்பேட்டை எனப்பட்ட ஊர் இது. அவர் பெயர் உதிர்ந்து, பொன்னைக் குறிக்கும் கன்னடச் சொல் அவ்விடத்தில் அமர்ந்தது. ஆனால் பிரித்தானிய ரெசிடெண்ட் டொனால்ட் ராபர்ட்சனின் பெயர் ராபர்ட்சன்பேட்டையில் நிலைத்துவிட்டது. கோரமண்டல், சாம்பியன் ரீஃப் என்னும் பெயர்களுக்கிடையே உரிகமும் மாரிக்குப்பமும் உள்ளன. குடியேற்றத்தின் அடுக்குகள் இப்பெயர்களிலேயே படிந்துள்ளன.

பார்வையாளர் காண்பவை சுரங்கவாயிற் கோபுரங்கள், அதிகாரிகளின் பங்களாக்கள், தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவால் எழுந்த சயனைடு மேடுகள். வரலாறும் அதே வரிசையில் சொல்லப்படும்: 1875இல் லாவெல் பெற்ற உரிமம், 1880இல் வந்த ஜான் டெய்லர் நிறுவனம், 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து வந்த மின்சாரம், மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழ்ந்த சாம்பியன் ரீஃப் சுரங்கம், 1965இல் அங்கே பூமிக்கடியில் வளிமண்டல நியூட்ரினோக்களைப் பதிவுசெய்த ஆய்வு.

இந்த ஆழத்தைத் தோண்டியோருட் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த, தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான சாதிகளைச் சேர்ந்த தமிழர். ‘லைன்’ எனப்பட்ட வரிசைக் குடியிருப்புகளில், மூங்கில் தட்டி வீடுகளில் அவர்கள் வாழ்ந்தனர். பாறைவெடிப்பும் நுரையீரலை அரிக்கும் கல்தூசு நோயும் அவர்களைப் பலிகொண்டன. அதிகாரிகளின் பெயர்கள் ஊர்களுக்கு இடப்பட்டன. தொழிலாளரிடம் கேட்கப்பட்டதோ விரல்ரேகை. அதை எதிர்த்து 1930இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர்.

எனினும் அவர்களை ரேகையாக மட்டும் எண்ணுவது பிழை. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. அவருடைய ‘தமிழன்’ இதழ் நின்றுபோன பின், 1926இல் ஜி. அப்பாதுரையார் அதனைத் தங்கவயலிலிருந்து மீண்டும் நடத்தினார். பண்டிதரின் நூல்களைச் சித்தார்த்த புத்தகசாலை இங்கிருந்தே வெளியிட்டது. பூமிக்கடியில் பகலைக் கழித்த மக்களின் ஊர், தமிழ் அறிவு வரலாற்றின் பதிப்பகமாகவும் விளங்கியது. அப்பதிப்புகள் இல்லையெனில் அயோத்திதாசரை இன்றைய ஆய்வுலகம் மீட்டெடுத்திருப்பது எளிதாக இருந்திராது.

2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆழத்தை நீர் நிறைத்தது. கீழே இறங்கிப் பார்க்க இனி வழியில்லை. ஆகவே, எதனை இவ்வூரின் மரபுச் சின்னம் என்று கொள்வது என்னும் கேள்வி தரைக்குமேல் எஞ்சியவற்றைப் பற்றியதாகிறது. பங்களாவும் கோபுரமும் மட்டும் அதற்கு விடையானால், வருவோர் நிறுவனத்தின் வரலாற்றை மட்டுமே கண்டு திரும்புவர். மாரிக்குப்பத்தின் லைன்களும் சாம்பியன் ரீஃபின் பழம்பதிப்புகளும் அந்த ஒருநாள் பட்டியலில் இடம்பெற வேண்டும்.