ஐந்தாம் வார்த்தையை யார் பேசுவது?

ஏழெட்டு வருஷம் இருக்கும். லெந்து தொடங்கி மூன்றாவது ஞாயிறு. ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். போதகர் ஐயா கூப்பிட்டார். "பெரிய வெள்ளிக்கு அஞ்சாவது வார்த்தையை நீ பேசணும்மா. எம்.ஏ. தமிழ் படிச்ச பொண்ணு, நல்லாப் பேசுவே" என்றார். எனக்குச் சந்தோஷம்தான். வீட்டுக்கு வருகிற வழியில்தான் ஒரு கேள்வி குடைய ஆரம்பித்தது. என்னைக் கூப்பிட்டார்களா, என் பட்டத்தைக் கூப்பிட்டார்களா?

திண்டுக்கல் பக்கத்துச் சபைகளை அறியாத தோழர்களுக்காக இதைச் சொல்கிறேன். சாம்பல் புதனில் தொடங்கி நாற்பது நாள் லெந்து. எங்கள் சபையில் வெள்ளிதோறும் மாலையில் கூட்டம் நடக்கும், வெளியிலிருந்து சிறப்புப் பேச்சாளர் வருவார். டாக்டர் வந்தால் ஆண்டவரின் காயங்களைப் பற்றிப் பேசுவார். வக்கீல் பிலாத்துவின் விசாரணையைப் பேசுவார். வங்கி அதிகாரிக்கு யூதாசின் முப்பது வெள்ளிக்காசு. பெரிய வெள்ளியன்று பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை மும்மணி நேர ஆராதனை. சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் பேசுவார்கள். தலைமையாசிரியர், பொறியாளர், ஓய்வுபெற்ற அதிகாரி என்று பட்டியல் போகும். அவரவர் தொழிலிலிருந்து வேதத்தைப் பார்ப்பது நல்ல வழக்கம்தான். சிலர் மனசைத் தொடும்படி பேசியதுண்டு. ஆனால் எனக்கு நினைவு தெரிந்து, தோல்ஷாப்பில் வேலை பார்த்த ஒருவர், தெருக்கூட்டும் ஒருவர், குழி வெட்டும் ஒருவர் அந்தப் பட்டியலில் வந்ததில்லை. அவர்கள் செய்வதெல்லாம் தொழில் இல்லையா?

இந்த மும்மணி ஆராதனை ஏதோ அப்போஸ்தலர் காலத்திலிருந்து வருவதல்ல. தென்னமெரிக்காவில் பெரு நாட்டின் லிமா நகரை 1687இல் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. அதற்குப் பின் அலோன்சோ மெசியா என்ற இயேசு சபைக் குரு அங்கே தொடங்கிய தியானம் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலிக்கன் சபை இதை எடுத்துக்கொண்டது. திண்டுக்கல்லுக்கு 1835இல் வந்த அமெரிக்க மதுரை மிஷனோ வேறு மரபு. லெந்து அனுசரிப்பது அவர்கள் பரம்பரையில் கட்டாயமில்லை. 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகிப் பல மரபுகளும் ஒரே கூரைக்குள் வந்தன. ஆக, இது மனிதர்கள் ஏற்படுத்திய வழக்கம். மனிதர்கள் மாற்றிக்கொள்ளலாம்.

சபைக்குள் நம் மக்கள் நடத்திய போராட்டங்கள் கொஞ்சமல்ல. 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சாதிக் கிறித்தவர்கள் முறுக்கிக்கொண்டு வெளியேறினார்கள். 1847இல் மதுரை மிஷன் தன் ஊழியர்களைச் சாதி பார்க்காமல் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடச் சொன்னது. மாட்டோம் என்று உபதேசியார்கள் பலர் விலகினார்கள். கத்தோலிக்கர் பக்கம், வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதி பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிந்தது. இடித்ததை எதிர்த்து ஆதிக்க சாதியார் நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள். 2008 மார்ச்சில் எறையூரில் கலவரம் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். அதுவும் தவக்காலம்தான்.

இந்தச் சண்டைகள் எல்லாம் எங்கே உட்காருவது, யார் முதலில் பாத்திரத்தில் குடிப்பது, எந்த வாசல் வழியாகப் போவது என்பவற்றைப் பற்றியவை. யார் எழுந்து பேசுவது என்பதை நாம் அவ்வளவாகக் கேட்கவில்லை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பரட்டை என்ற தியாபிலஸ் அப்பாவு பாமரர் பேச்சிலும் நாட்டுப்புற மெட்டிலும் வழிபாட்டைக் கட்டினார். பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. பாட்டில் வந்துவிட்டது, புத்தகத்தில் வந்துவிட்டது. பெரிய வெள்ளிப் பட்டியலில் மட்டும் இன்னும் வரவில்லை.

ஐந்தாவது வார்த்தை தாகத்தைப் பற்றியது. எழுதி வைத்த குறிப்பை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அம்மா தோல்ஷாப்பில் ரோமம் பிரித்தவர். அப்பா சுண்ணாம்புக் குழியில் நின்றவர். கேட்டுவிட்டு அம்மா சொன்னது:

"தாகம்னா தண்ணி இல்லாததா? தண்ணி கெடக்கும், எடுக்க விடமாட்டாங்க. குடத்தை வச்சுக்கிட்டு ஊர்க் கெணத்தோரம் உக்காந்திருப்போம். எவளாச்சும் மனசு வச்சு ஊத்துவா. அப்புறம் நமக்குன்னு ஒரு கெணறு வெட்டுனாங்க. தோல்ஷாப்புத் தண்ணி எறங்கி அதுவும் உப்பாயிருச்சு. சிலுவையில தொங்குனவருக்குக் காடியக் குடுத்தாங்கன்னு வாசிக்கிறாங்களே, நமக்குக் குடுத்ததும் காடிதாம் பிள்ள."

அம்மா சொன்னதில் மிகை இல்லை. தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் வரும். ஷாப்பில் முதல் வேலையே அந்த உப்பைக் கழுவுவது. பிறகு சுண்ணாம்பு, ஆவாரம்பட்டை, பின்னாளில் குரோமியம். கழுவிய தண்ணீர் நிலத்தில் இறங்கும். 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் வேலூர் வழக்கில் ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டது. திண்டுக்கல்லும் அதில் ஒன்று. இந்த ஊர்த் தோல் தொழிலாளர் வாழ்க்கையை 'தோல்' என்று நாவலாக எழுதி 2012இல் சாகித்ய அகாதமி விருது பெற்றவர் டி. செல்வராஜ். அவரும் வக்கீல்தான். காது கொடுத்துக் கேட்ட வக்கீல்.

மறுநாள் போதகரிடம் போனேன். "ஐயா, இந்த வார்த்தையை எங்கம்மா பேசட்டும்."

"அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாதேம்மா. வெளியிலயிருந்தெல்லாம் ஆள் வர்றாங்க. அடுத்த வருஷம் பார்க்கலாம்." கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார்.

நான்தான் பேசினேன். அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன், அம்மா சொன்னது என்றும் சொன்னேன். முடிந்ததும் வந்து கை கொடுத்தார்கள். நல்ல தமிழ் என்றார்கள். பின்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் யாரும் போகவில்லை. அவளுடைய தாகத்தில் எனக்குப் பேர் கிடைத்தது. இதை எழுதும்போதும் அந்தக் கூச்சம் போகவில்லை. படித்து மேலே வந்த நாமும் நம் மக்களின் வாயை அடைத்துக்கொண்டு நிற்கிறோமா என்று ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. அந்த "அடுத்த வருஷம்" இன்னும் வரவில்லை. லெந்துக்குப் பட்டியல் போடுவது சபைக் கமிட்டி. அந்தக் கமிட்டியில் நம்மவர் இருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் ஒரு பெயராவது சொல்லச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாது என்று மறுத்தால், சிலுவையில் தொங்கியவர் எதை எழுதி வைத்து வாசித்தார் என்று கேளுங்கள்.