கோமாவும் குடிநீரும்

1994ஆம் ஆண்டு ஜூலை நடுவில், ருவாண்டாவிலிருந்து ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சில நாட்களுள் எல்லை கடந்து, அந்நாளிற் சயீர் எனப்பட்ட நாட்டின் கோமா நகர்ப்புறத்தை அடைந்தனர். இனப்படுகொலையிற் கைதோய்ந்தோரும் அவர்களுள் இருந்தனர். பாலுண்ணும் குழந்தைகளும் இருந்தனர்.

நகரின் அருகே கீவு ஏரி கடல்போற் கிடந்தது. ஆயினும் கிபும்பா முதலிய முகாம்களுக்கு அது தொலைவு. நிலமோ எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறை. அங்கே கிணறு தோண்ட இயலவில்லை. மலசலகூடக் குழி வெட்ட இயலவில்லை. புதைகுழிக்கும் அதே நிலைதான். பாயிற் சுற்றிய உடல்கள் தெருவோரத்தே கிடந்தன.

அசுத்த ஏரிநீரை அள்ளிக் குடித்தோரிடை வாந்திபேதி பரவிற்று. பின்பு இரத்தபேதியும் தொடர்ந்தது. முதல் வாரத்தில் தலைக்கு நாளொன்றுக்கு வழங்கப்பெற்ற சுத்தநீர் கால் லீற்றரும் இல்லை. பசித்தவனுக்கு அரிசி அனுப்ப உலகம் அறியும். வாளியும் குளோரினும் அனுப்ப அது பிந்திவிட்டது என்றே சொல்லவேண்டும். பவுசர்கள் நீர் சுமந்து வரலாயின, சாவு தணிந்தது. அதற்குள், முதல் மாதத்திலேயே ஏறத்தாழ 50,000 பேர் மாண்டனர்.

இந்த அநுபவத்தின் பின், 1997இல் தொண்டு நிறுவனங்கள் ஸ்பியர் திட்டத்தைத் தொடங்கின. ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் நீர், 20 பேருக்கு ஒரு மலசலகூடம் என்னும் அளவுகள் அதன் கைநூலில் இடம்பெற்றன.